பெரிய டயரும் சின்ன ஜாக்கியும்

கொல்லைப்புறப் பட்டறை

போன வாரம் தண்ணீர் மோட்டாருக்கு சீல் மாற்றிய கதையை எழுதியிருந்தேன். அந்தப் படத்தின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஜீப் யாருடையது, ஓடுமா, விலைக்குக் கிடைக்குமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். விலைக்கு இல்லை. ஓடுமா என்ற கேள்விக்கு ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் 'தள்ளினால் ஓடும்' என்று சொல்லியிருப்பேன்.

அது அப்பாவின் ஜீப். மகிந்திரா எம்எம் 540, 1994 மாடல். கண்மாய் மராமத்து, மடை கட்டும் வேலை என்று அப்பா காண்ட்ராக்ட் எடுத்துச் செய்த காலத்தில் வாங்கியது. ஆர்சி புத்தகத்தில் மாவட்டம் இன்னும் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்தான். 1997-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் காட்டினால் 'இது எந்த ஊர்?' என்று கேட்கிறார்கள். அப்பா போன பிறகு ஆறு வருஷம் அமராவதிபுதூர் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றது. வேப்பம்பழம் விழுந்து விழுந்து பானெட் முழுக்கப் புள்ளி. டாஷ்போர்டுக்குள் அணில் குடும்பம்.

போன சித்திரையில் அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கினான். செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான். நாலு அங்குலம் உயர்த்த வேண்டும். 31 அங்குல டயர். முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச். கூரையில் எல்இடி விளக்கு வரிசை. முழுக்க மிலிட்டரி பச்சை. எல்லாம் முடித்து சூரியநெல்லி வழியாகக் கொழுக்குமலைக்கு ஏற்ற வேண்டும். "நாமளே வீட்ல பண்ணிடலாம் மாமா. எல்லாம் வீடியோவுல இருக்கு."

எனக்கு ஜீப் வேலையில் இருந்த அனுபவம், சின்ன வயதில் அப்பாவுக்கு டார்ச் பிடித்தது மட்டும்தான். சரியான இடத்தில் பிடிக்கவில்லை என்று திட்டு வாங்கிய அனுபவமும் உண்டு. ஆகவே அப்பா காலத்தில் இந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் பெரியவரைப் போய்ப் பார்த்தோம். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறார். பட்டியலை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வண்டி யார் பேர்ல இருக்கு தம்பி?"

அப்பா பேரில்தான் இருந்தது. ஆறு வருஷமாக.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டியது ஆர்சி புத்தகம் என்று அன்று தெரிந்தது. வண்டிக்காரர் இறந்துவிட்டால் வாரிசு 30 நாளைக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். நாங்கள் இரண்டும் செய்யவில்லை. துக்கத்தில் யாருக்கு ஜீப் ஞாபகம் வரும்? வாரிசுச் சான்றிதழ், அக்காவின் சம்மதக் கடிதம், பழைய கையெழுத்துப் புத்தகத்தைக் கணினியில் ஏற்றுவது என்று அந்த வேலையே மூன்று மாதம் பிடித்தது. 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி தனி. 20 வருஷம் தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கிவிட்டது. பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் வந்த அரசு ஜீப் என்று யாராவது மலிவாகக் காட்டினால் கூடுதல் கவனம் தேவை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் முடிந்த அரசு வண்டிகளுக்குப் பதிவே கிடையாது. பதிவு பெற்ற உடைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். பி.டி.ஓ. ஜீப்பை ஏலத்தில் எடுத்து ஓட்டிய காலம் முடிந்துவிட்டது.

அலுவலகத்தில் வரிசையில் நின்றபடியே மருமகன் பட்டியலில் பாதி அடிபட்டது. மிலிட்டரி பச்சை முதலில் போனது. மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி அந்த ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். மற்றவர்கள் பூசக் கூடாது. அடுத்தது இரும்பு பம்பர். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரிக் கம்பித் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்தில் 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதா மாமா?" என்று அவன் முகம் சுருங்கிவிட்டது.

செய்யலாம். தேய்ந்த பாகத்துக்கு அதே அளவில் நல்ல பாகம் போடலாம். சீட், பாய், கூரைத் துணி மாற்றலாம். நிறம் மாற்ற முன்கூட்டி எழுதிக் கொடுத்து, பிறகு ஆர்சியில் ஏற்றலாம். இன்சூரன்ஸ்காரருக்குத் தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. நாளைக்கு ஒன்று ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லியே கைவிரித்துவிடுவார்கள். முப்பது வருஷ ஜீப்பில் சட்டம் அனுமதிக்கும் வேலையைச் செய்து முடிக்கவே ஒரு ஆயுள் வேண்டும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பெரியவர் முதல் ஞாயிறு வந்தார். கையில் ஒரு சின்னச் சுத்தியல் மட்டும். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்து, சந்தையில் மண்பானை வாங்குகிறவர் தட்டுவது மாதிரி சேசிஸை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். கடைசிக் குறுக்குச் சட்டத்தில் 'டப்' என்றது. இன்னொரு தட்டில் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது.

"உங்கப்பா தொண்டிப் பக்கம் வேலை எடுத்த வருஷம் இது. உப்பு மண்ணு உள்ள நிக்குது பாரு" என்றார். குறுக்குச் சட்டத்தின் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்துக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அரைக் கூடை மண் கொட்டியது. பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கடற்கரை எங்கள் கொல்லையில் விழுந்தது. பழைய ஜீப் பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் இந்த நாலு இடத்தைத் தட்டிப் பாருங்கள்: கடைசிக் குறுக்குச் சட்டம், பாடி உட்காரும் தாங்கிகள், டிரைவர் காலடித் தரை, பேட்டரித் தட்டு.

துருவைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்துப் பெருமையை ஒன்று சொல்லாமல் முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். எங்களுக்கு அது 'சிக்ரி'. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்பது அங்கே முக்கியமான ஆராய்ச்சி. மண்டபத்தில் கடற்காற்றில் இரும்புத் தகடுகளை மாதக்கணக்கில் காயப்போட்டு எடை பார்க்கும் வேலை அவர்களுடையது. இந்தியாவுக்கே துரு வரைபடம் போட்டவர்கள். அந்த மதில் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். துரு என்பதே ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கிறது என்பது இந்த ஜீப்பால்தான் மண்டையில் ஏறியது. இரும்பின் ஒரு புள்ளி கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் காற்றும் தண்ணீரும் சேர்ந்து அந்த மின்னோட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. உப்பு இருந்தால் ஓட்டம் சுலபமாகிவிடுகிறது.

மின்னோட்டத்தால் வருவதை மின்னோட்டத்தாலேயே திருப்பலாம். இது வீட்டில் செய்யக்கூடிய வேலை. எங்கள் பட்டறையில் மிகவும் மகிழ்ச்சி தந்த வேலையும் இதுதான். பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்து மேசைக்கரண்டி சலவைச் சோடா. தொட்டி ஓரமாகப் பழைய கட்டுக்கம்பித் துண்டுகளை நிறுத்தி, பழைய காலத்து 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பிளஸ் கம்பியை அதில் மாட்ட வேண்டும். துருப்பிடித்த பாகத்தை, எங்களுக்கு அது பேட்டரித் தட்டும் விளக்குத் தாங்கிகளும், நடுவில் தொங்கவிட்டு மைனஸை அதில் மாட்ட வேண்டும். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பொடிப்பொடியாகக் குமிழ் வரும். ராத்திரி முழுக்க விட்டால் காலையில் துரு கறுப்புச் சேறாக இளகி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் வந்துவிடும். நல்ல இரும்பு ஒரு துளி தேயாது. கிரைண்டரால் அப்படிச் செய்ய முடியாது.

இதில் நான்கு எச்சரிக்கை. அந்தக் குமிழ் ஹைட்ரஜன். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. சீக்கிரம் ஆகட்டும் என்று உப்புப் போடக் கூடாது, குளோரின் கிளம்பும். கட்டுக்கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைப் போடக் கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் நஞ்சாகும். அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து மருமகன் ஒரு டிபன் பாக்ஸ் மூடியோடு வந்தான், நல்லவேளை பார்த்துவிட்டேன். நாலாவது, ஸ்பிரிங் பட்டை, கடினப்படுத்திய போல்ட் இவற்றை இந்தத் தொட்டியில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் அந்த இரும்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், பாரம் ஏறினால் முறியும்.

தொட்டியிலிருந்து எடுத்த இரும்பு பிறந்த குழந்தை மாதிரி. கழுவி, வெயிலில் காயவைத்து, அந்த மணிக்குள்ளேயே துத்தநாக பிரைமர் அடித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்தால் மறுபடி செம்மை படர்ந்திருக்கும். தொட்டிக்குள் போகாத இடங்களுக்குத் துருவை மாற்றும் திரவம் கடையில் கிடைக்கிறது. அதில் ஒரு வகை டானிக் அமிலம். துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாக உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கறுப்பைப் பார்த்த பெரியவர், "கடுக்காயில இரும்பு பட்ட மாதிரி இருக்கே" என்றார். சரிதான். கடுக்காயிலும் இருப்பது அதே துவர்ப்புச் சரக்கு. செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புக்குக் கடுக்காய்த் தண்ணீர் ஊற்றிய கொத்தனாருக்கு இந்தக் கறுப்பு புதிதில்லை.

ஓட்டை விழுந்த குறுக்குச் சட்டத்தை மட்டும் நாங்கள் தொடவில்லை. புதுத் தகடு வெட்டி வெல்டிங் வைத்தது பட்டறைக்காரர். சேசிஸில் வெல்டிங் பழகுவது, சொந்தப் பிள்ளையின் தலையில் சவரம் பழகுவது மாதிரி. அதற்கு முன் பேட்டரியையும் டீசல் டேங்கையும் கழற்றி வைத்தோம். இன்னொன்று: சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் கம்பி பிரஷ்ஷோ கிரைண்டரோ படக் கூடாது. எழுத்து தேய்ந்துபோனால் அந்த ஜீப் யாருடையது என்று நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். அந்த இடத்தில் கிரீஸ் தடவி, டேப் ஒட்டி விட்டுவிடுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பின்சக்கர பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொல்லையில் தரை செம்மண், வாசல் பக்கமாக லேசான சரிவு. கண்ணுக்கே தெரியாத சரிவு. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து வைத்தேன். இடது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். சக்கரத்தைக் கழற்றியாயிற்று. மருமகன் டிரம்மைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தான். ஸ்பேனர் எடுக்க அவன் திரும்பிய நேரத்தில் ஜீப் நகர்ந்தது. சத்தமே இல்லை. ஒரு சாண் முன்னால் போனது, ஜாக்கி சாய்ந்தது, பின்பக்கம் மொத்தமும் கீழே வந்தது.

அவன் கை இருந்த இடத்துக்கும் டிரம் இறங்கிய இடத்துக்கும் ஒரு அடி இருக்கும். டிரம் தரையைத் தொடவில்லை. சேசிஸுக்கு அடியில் கிடந்த சக்கரம் தாங்கிக்கொண்டது. 'கழட்டுன வீலை சேசிஸுக்குக் கீழ தள்ளிட்டுத்தான் மத்த வேலை' என்று பெரியவர் முதல் நாளே சொல்லியிருந்தார். எதற்கு என்று கேட்காமல் செய்திருந்தோம். மருமகன் சிரித்தான், பயத்தில் வருமே அந்தச் சிரிப்பு. அக்கா சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். எதுவும் பேசவில்லை. அன்று மதியம் எங்களுக்குச் சாப்பாடு போட்டபோதும் பேசவில்லை.

இழுத்த ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கவில்லை? கேபிள் தளர்வு என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பெரியவர் வந்து விளக்கியபோதுதான் வேர்த்தது. எங்கள் ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது மலையிலும் நிறுத்தும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் கதை வேறு. ஷாப்ட் அசையாமலே இருக்கும். ஆனால் நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் தரையில் உள்ள சக்கரம் முன்னால் உருளலாம், அந்தரத்தில் உள்ளது பின்னால் சுற்றும். பிரேக் நூற்றுக்கு நூறு பிடித்திருக்கும், வண்டியும் நூற்றுக்கு நூறு ஓடும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான்.

அன்றிலிருந்து எங்கள் கொல்லையில் விதி இது. எந்தச் சக்கரத்தைத் தூக்கினாலும் மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்ட், அதற்கு அடியில் கனமான பலகை. செம்புராங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். சுவர் பாரத்தைப் பரவலாகத் தாங்கும் கல், ஒரு புள்ளியில் இறங்கும் சேசிஸைத் தாங்காது. பொலபொலவென்று ஒரே நேரத்தில் உடையும். ஜாக்கி ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்கும் பணம் இல்லையென்றால் அந்த மாதம் வேலையைத் தள்ளிப்போடுங்கள். புது விளக்கு, புது ஸ்டிக்கர், புது சீட் உறை எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்க வேண்டியது இது.

அக்காவின் மௌனம் இரண்டு வாரம் நீடித்தது. மூன்றாவது ஞாயிறு பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டியிருந்தது. ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். மருமகன் ஊருக்குப் போயிருந்தான். அக்கா தானாகவே வந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சொல்லு, எப்ப மிதிக்கணும்?"

பிரேக்கில் கண்டது இது. நாலு சக்கரத்திலும் டிரம். வீல் சிலிண்டர் நாலில் மூன்று கசிந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. ஈரம் கலந்த ஆயில் சூட்டில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கிவிடும், பெடல் தரை வரை போகும். நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வழி என்பதால் ஒரு இடத்தில் கசிந்தால் நாலும் போச்சு. டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடையுங்கள். சிலிண்டர் எல்லாம் புதிது, ரப்பர் ஹோஸ் புதிது, ஷூ புதிது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வரும்வரை ஏர் எடுத்தோம். "அமுக்கு... பிடி... விடு" என்று நாற்பது தடவை சொல்லியிருப்பேன். கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றபோது அக்கா, "அப்பா இத மிதிக்கச் சொன்னா என் கால் எட்டாது, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அடுத்தது ஸ்டீயரிங். கிங்பின் பேரிங், டை ராடு முனைகள், ஸ்பிரிங் பட்டை புஷ்கள். மாற்றுவதற்கு முன் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் முன்சக்கரம் இரண்டும் கோழி உதறுவது மாதிரி உதறும். மாற்றிய பிறகு நின்றது. இவ்வளவும் பார்வைக்கு ஒன்றுமே தெரியாத வேலை. மருமகன் எடுத்த படங்களில் ஜீப் மூன்று மாதமாக ஒரே மாதிரி இருந்தது. அவன் நண்பர்கள் 'என்னடா பண்றீங்க அங்க?' என்று கேட்டார்களாம்.

டயர் விவாதம் மட்டும் கடைசி வரை ஓடியது. எங்கள் டயரில் போட்டிருப்பது 6.00-16. தரையிலிருந்து உச்சி வரை கிட்டத்தட்ட இருபத்தெட்டரை அங்குலம். அவன் கேட்டது 31. பேப்பர் எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். சக்கரம் நூற்றுக்கு ஒன்பது பெரிதாகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 65-ல் போகும். இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் ஒன்பது சதவீதம் கனமாகும்; ஏற்றத்தில் அது தெரியும். பிரேக் டிரம் அதே டிரம்தான், ஆனால் அது நிறுத்த வேண்டிய சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டது. தரையில் பிடிக்கும் விசை எட்டு சதவீதம் குறைகிறது. டயரின் எடையும் கூடுவதால் உண்மையில் இன்னும் மோசம். பெரிய டயர் உரசாமல் இருக்கத்தான் உயர்த்தச் சொல்கிறார்கள். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும், ஆனால் அச்சு திரும்பி கிங்பின் சாய்வு மாறும். திருப்பிய ஸ்டீயரிங் தானே நேருக்கு வரும் குணம் கெடும். பிரேக் ஹோஸ் இழுபடும், புரொப்பெல்லர் ஷாப்ட் மூட்டு கோணம் கூடும். வண்டி உயர்ந்த அளவுக்குக் கவிழ்வது சுலபமாகும். ஒன்றைத் தொட்டால் ஏழைத் தொட வேண்டும்.

"சூரியநெல்லியில ஓடுற ஜீப்பப் பாத்திருக்கியா?" என்று கேட்டேன். கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளும், போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளும் பெரும்பாலும் சாதாரண டயரில்தான் ஓடுகின்றன. அங்கே வேலை செய்வது டிரைவரின் காலும் குட்டி கியரும். டிரான்ஸ்ஃபர் கேஸில் அந்த லோ கியரைப் போட்டால் சக்கரத்துக்குப் போகும் இழுப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். முப்பது வருஷத்துக்கு முன்பே கம்பெனி கொடுத்த மாடிஃபிகேஷன் அது. எங்கள் ஜீப்பில் அந்த லிவர் துருவில் இறுகிக் கிடந்தது. இரண்டு நாள் டீசல் ஊற்றி ஊறவைத்து, கிரீஸ் அடித்து, பழையபடி விழ வைத்தோம். டயர் அதே அளவில் புதிது போட்டோம். பூவேலை கொஞ்சம் ஆழமானது. அதோடு அவன் சமாதானமானான் என்று சொல்ல முடியாது, பேச்சை நிறுத்தினான்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் முதல் ஓட்டம். ஊருக்கு வெளியே சீமைக் கருவேலத்துக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, கடைசியில் ஓடை மணல். கண்மாய்க்குள் இறக்கவில்லை, ஈரக் கரையில் சக்கரத் தடம் போட்டால் அடுத்த மழைக்கு அந்தத் தடத்தில்தான் கரை அரிக்கும், மராமத்து பார்த்தவர் பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. மருமகன் ஓட்டினான். மணலில் நடுவழியில் சிக்கியது. நாலு சக்கரமும் சுற்றச் சுற்ற வண்டி கீழே போனது.

"இதுக்குத்தான் மாமா பெரிய டயர் கேட்டேன்."

"ஆக்சிலேட்டர விடு. இறங்கி காத்த இறக்கு" என்றேன். அதுவும் பெரியவர் சொன்னதுதான். 30 பவுண்டு இருந்ததை நாலிலும் 16-க்கு இறக்கினோம். டயர் பரந்து, யானைக் கால் மாதிரி மணலில் உட்கார்ந்தது. சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலை வழித்துவிட்டு, லோ கியரில் இரண்டாவது போட்டு, மெதுவாகக் கிளட்ச் விட்டான். ஒன்றுமே நடக்காதது போல் ஏறி வந்தது. திரும்பத் தார்ச் சாலைக்கு வந்ததும் கால் பம்பால் மறுபடி காற்று அடித்தோம். குறைந்த காற்றோடு சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கிழியும், வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றும் போகலாம். நாலு டயருக்கும் மிதித்து முடிக்க முக்கால் மணி நேரம். அவன் பட்டியலில் புதிதாகச் சேர்ந்த ஒரே பொருள் ஒரு சின்ன எலெக்ட்ரிக் காற்றுப் பம்ப். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முன் வலது டயரில் இரண்டு கருவேல முள். இன்னும் ஹார்ன் அடிக்கவில்லை, வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடுகிறது, டீசல் மீட்டர் எப்போதும் பாதி டேங்க் காட்டுகிறது. பதிவுப் புதுப்பிப்புக்கு வண்டியைக் காட்டும் தேதி அடுத்த மாதம். அதற்குள் இந்த மூன்றும் முடிய வேண்டும். அக்கா பக்கத்து சீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி கேட்டிருக்கிறாள். அப்பா காலத்தில் ஒன்று இருந்தது. அதன் இரண்டு போல்ட் ஓட்டையும் டாஷ்போர்டில் இன்னும் இருக்கின்றன. நேற்று ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்தது: "மாமா, பச்சை வேணாம். மணல் கலர்? அது சட்டத்துல ஓகேதானே?"